திரை கற்பிக்குமோ கணக்கு?

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளின் சுவர்களில் இப்பொழுது ஒளித்திரைகள் ஏறியுள்ளன. 2024-ஆம் ஆண்டு முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப்பள்ளி வகுப்பறைகள் ‘திறன்மிகு வகுப்பறை’ என்னும் பெயர் பூண்டன. அதற்கு முன்னரே, 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழி ஐம்பது இலக்கத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் நம் பிள்ளைகளின் கைகளை அடைந்தன. தனியார் பள்ளிகளைச் சொல்லவே வேண்டா. அங்கே சேர்க்கை விளம்பரத்தின் முதல் வரியே திரையைப் பற்றியதுதான். இவ்வளவும் எதன் பெயரால்? அறிவியலும் கணக்கும் பிள்ளைகட்கு எளிதில் விளங்கும் என்பதன் பெயரால். எனின், திரை வந்தபின் நம் பிள்ளை, முன்பு போடமாட்டாத எந்தக் கணக்கை இன்று போடுகின்றான் என்று கேட்டவர் எத்துணைப் பேர்? மாட்டப்பட்ட திரைகளுக்குக் கணக்கு உண்டு. அத்திரைகளால் வகுத்தல் கற்ற பிள்ளைகளின் கணக்கை எந்த மேடையிலும் யாம் கேட்டதில்லை.

யாம் கணக்காசிரியர் அல்லோம்; தமிழ் கற்பிப்போம். ‘கணக்கில் உமக்கென்ன வேலை?’ என வினவுவார்க்கு விடை இது. கணக்குத் தாளில் பிள்ளை இடறி விழும் இடம் பலகாலும் எண்ணில் இல்லை, சொல்லில் இருக்கின்றது. எம்மோடு பணியாற்றும் கணக்காசிரிய நண்பர் ஒருகால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை எம்மிடம் அனுப்பிவைத்தார். ‘ஓர் எண்ணின் இருமடங்கைவிட 5 மிகுந்தது 21 எனின், அவ்வெண் யாது?’ என்பது வினா. அவர்களோ 2-ஐயும் 5-ஐயும் 21-ஐயும் கூட்டி 28 என்று எழுதியிருந்தனர். கூட்டத் தெரிந்த பிள்ளைகள்தாம். கூட்டலில் பிழையே இல்லை! ‘மடங்கு’ என்பது ஒரு செய்கை, ‘விட மிகுந்தது’ என்பது மற்றொரு செய்கை, ‘எனின்’ என்பது இருபுறமும் நிகராக நிற்பதைக் காட்டும் கோல் என்று சொல்லைப் பிரித்துக் காட்டியபின், யாம் ஓர் எண்ணையும் தொடாமலே, அவர்களே 8 என்றனர். கணக்கறிவுக்கும் மொழியறிவுக்கும் இடையில் சுவர் கிடையாது என்பதற்கு இஃதொன்றே போதும். ஆகலின் கணக்குக் கற்பிக்க வந்த பொறியைத் தமிழாசிரியன் உற்றுநோக்குவது வரம்பு மீறுதல் ஆகாது.

பொறியின்மேல் எமக்குப் பகையில்லை. அச்சுப்பொறி வந்தபோது ஏட்டுச்சுவடியை மட்டும் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் கழக நூல்கள் இன்று நம் கையில் இரா. வினா ஒன்றே: இந்தப் பொறி எப்பொழுது கற்பிக்கின்றது, எப்பொழுது வெறுமனே ஒளிர்கின்றது? இதற்கு விடை காண ஊகம் வேண்டா. உலகின் பல மூலைகளில், திருவுளச்சீட்டு முறையில் பிள்ளைகளையோ பள்ளிகளையோ இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதிக்குப் பொறியைக் கொடுத்தும் மறுபகுதிக்குக் கொடாதும் ஆய்ந்து பார்த்துள்ளனர்.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டை முதலில் காண்க. ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்னும் முழக்கத்தோடு 2008-ஆம் ஆண்டு முதல் அந்நாடு எட்டு இலக்கத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிற்று. ஏழைநாடு, மலைநாட்டுச் சிற்றூர்கள். அங்கே 319 பள்ளிகளில் பதினைந்து திங்கள் கழித்து அளந்து பார்த்தனர். கணினி பெற்ற பள்ளிப் பிள்ளைகளின் கணக்கறிவும், பெறாத பள்ளிப் பிள்ளைகளின் கணக்கறிவும் ஒன்றாகவே இருந்தன. மொழியறிவும் அவ்வாறே. வியப்பதற்கு என்ன உளது? பெட்டியைக் கையில் கொடுத்தனர். அதற்குள் எதை, எந்தப் படியிலிருந்து, யார் துணையோடு கற்பது என்பதைக் கொடுத்திலர். நம் மடிக்கணினித் திட்டத்தைக் குறைகூற இதனை எடுத்துரைக்கவில்லை. பட்டணத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதாய் இருந்த ஒரு கருவி கூலித் தொழிலாளியின் மகள் கைக்கும் வந்ததில் ஒரு நிகர்மை உண்டு. ஆனால் அஃது ஏந்து, கற்பித்தல் அன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இந்நாட்டுத் திட்டக்காரர்களின் நெடுநாள் மயக்கம்.

இனி, குசராத்துக்கு வருவோம். வடோதரா நகராட்சிப் பள்ளிகளுக்கு அரசு கணினிகளை வழங்கியிருந்தது. இயக்கத் தெரிந்தார் இன்மையின் அவை பெட்டியிலேயே கிடந்தன. 2002-க்கும் 2004-க்கும் இடையில் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் அப்பெட்டிகளைத் திறந்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகட்குக் கிழமைக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளை அமைத்துக் கொடுத்தது. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு மணி நேரம் பள்ளி வேளையில், ஒரு மணி நேரம் பள்ளிக்கு முன்போ பின்போ, பயிற்றுநரும் உடனிருந்தனர். பின்னாளில், 2019-இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிசித்து பானர்சி, எசுதர் தூப்லோ ஆகிய இருவரும் உடனாய்வாளர்களும் இதனை அளந்தனர். புள்ளியியலார் ‘திட்டவிலக்கம்’ என்னும் அளவுகோலால் சொல்வர்: 0.47 உயர்வு. பொதுமக்கள் மொழியில் சொன்னால், நூறு பிள்ளைகளின் வரிசையில் ஐம்பதாம் இடத்தில் நின்றவன் ஏறத்தாழ முப்பத்திரண்டாம் இடத்துக்கு வந்தான். பெரிய ஏற்றம்தான். ஆனால் திட்டம் நின்று ஓராண்டு சென்றபின் அளந்தபோது அவ்வுயர்வு 0.10 என்னும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பயிற்சி நின்றால் பயனும் நிற்கும்; உடலுக்கு ஒப்பவே அறிவுக்கும்.

அதே குசராத்தில், அதே காலத்தை ஒட்டி நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. இலீ இலிண்டன் என்பார் செய்தது. ஏழைப் பிள்ளைகட்குக் கற்பிக்கும் ஞானசாலை என்னும் நிறுவனத்தில் ஒரே கணக்கு மென்பொருளை இரு வகையாய்ப் பயன்படுத்திப் பார்த்தனர். ஒருவகையில், ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தைக் குறைத்து அந்நேரத்தில் பிள்ளைகளைக் கணினி முன் அமர்த்தினர். மற்றொரு வகையில், ஆசிரியர் பாடம் குறையாமல் இருக்க, பள்ளி நேரத்துக்கு வெளியே கணினிப் பயிற்சி தந்தனர். பிந்திய வகையில் கணக்கறிவு 0.28 உயர்ந்தது. முந்திய வகையில் 0.57 தாழ்ந்தது! ஐம்பதாம் இடத்தில் நின்ற பிள்ளை எழுபத்திரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டான். பொறி அதே, பாடம் அதே, ஊரும் அதே. ஆசிரியர் ஏற்கெனவே நன்கு கற்பித்து வந்த இடத்தில் அவரை விலக்கிவிட்டுத் திரையை வைத்ததே வேற்றுமை. ஓராசிரியர் பள்ளிகளில் ‘திரைதான் இருக்கிறதே’ என்று இரண்டாம் ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் காலந்தாழ்த்த எண்ணுவார் எவரேனும் உளரெனின், இந்த 0.57-ஐ அவர்தம் மேசைமேல் எழுதி ஒட்டிவைத்தல் நலம்.

தில்லி ஆய்வு இவற்றினும் ஆழமானது. அதனைச் சற்று விரித்தே சொல்லல் வேண்டும். கார்த்திக் முரளிதரன், அபிசீத்து சிங்கு, அலெகாந்திரோ கனிமியன் ஆகிய மூவர் 2015-இல் செய்து 2019-இல் வெளியிட்டது. அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேர். ‘மைண்டுசுபார்க்கு’ என்னும் மென்பொருள். பள்ளி நேரத்துக்கு வெளியே நாள்தோறும் 45 மணித்துளி கணினியோடும் 45 மணித்துளி ஒரு பயிற்றுநரோடும் கற்க வேண்டும். நான்கரைத் திங்களில் கணக்கறிவு 0.37 உயர்ந்தது, ஐம்பதாமவன் முப்பத்தாறாமவன் ஆனான். இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு உயர்வு கல்வி ஆய்வுகளில் அரிது.

எதனால் உயர்ந்தது என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அம்மென்பொருள் பிள்ளையை முதலில் ஆய்ந்து பார்த்தது. ஆறாம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை நிரவலாகக் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை நான்கரை வகுப்பு பின்தங்கியிருந்தது. அஃதாவது, ஒன்பதாம் வகுப்புப் பலகையில் அமர்ந்திருப்பவனின் உண்மையான கணக்கறிவு நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையில் நின்றுவிட்டது. வகுப்பறை ஆசிரியரோ ஒன்பதாம் வகுப்பு நூலை நடத்தியாக வேண்டும். ஆய்வாளர் வந்தால் ‘எந்தப் பாடம்வரை முடித்தீர்?’ என்றே கேட்பார். அவ்வகுப்பில் மிகப் பின்தங்கிய பிள்ளைகள், மென்பொருள் கிட்டாதவிடத்து, அக்கால அளவில் ஏறத்தாழ ஒன்றுமே முன்னேறவில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று. பள்ளிக்கு வருகின்றான், பலகையில் அமர்கின்றான், கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கின்றான். மென்பொருள் செய்த அருஞ்செயல் ஒன்றே. அவனை அவன் நின்ற படியில் கண்டுபிடித்து, அங்கிருந்து கை பிடித்தது. அப்பிள்ளைகள் இந்திவழி பயின்றோர். பொறியும் அவர்களுக்கு விளங்கும் மொழியிலேயே பேசிற்று.

ஈங்கு மறைக்கக் கூடாத மற்றொரு செய்தியும் உண்டு. இவ்வளவு உயர்ந்தும், பள்ளியில் வைத்த வகுப்பளவுக் கணக்குத் தேர்வில் அப்பிள்ளைகளின் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. நான்காம் படியிலிருந்து ஐந்தாம் படிக்கு ஏறியவனை ஒன்பதாம் படித் தேர்வால் அளந்தால் என்ன தெரியும்? மதிப்பெண் தாளை மட்டும் பார்த்து ‘பயனில்லை’ எனத் திட்டத்தை மூடுவதும், திரையின் பளபளப்பை மட்டும் பார்த்து ‘பயனுண்டு’ எனப் பரப்புரை செய்வதும் ஒரே குருட்டின் இரு கண்கள்.

இவ்வளவுகோலோடு நம் வகுப்பறைக்குள் வருக. நம் பிள்ளைகள் தில்லிப் பிள்ளைகளைவிட மேம்பட்ட நிலையில் இருப்பர் என்று நெஞ்சாறிக்கொள்ள இடமில்லை. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாக நடந்த ‘பிசா’ என்னும் பன்னாட்டுத் தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலமும் பங்கேற்றன. கணக்கில் நாம் கடைக்கோடியில் நின்றோம். கல்வியில் முன்னணி மாநிலம் என்று மார்தட்டிக்கொள்ளும் நாம் அம்முடிவைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. நம் திரைகளோ பெரும்பாலும் வகுப்பு வாரியாகவே பாடத்தை வைத்துள்ளன. ஏழாம் வகுப்பெனின் ஏழாம் வகுப்புக் காணொளி. வண்ணப்படம் ஓடுகின்றது, முழு எண்களின் பெருக்கல் ஓடுகின்றது, கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளை வாய்பிளந்து பார்க்கின்றது. மணி அடிக்கின்றது. பாடநூலில் வரிசையாக நடத்திச் சென்ற அதே பிழையை ஒளியும் ஒலியும் கூட்டித் திரும்பச் செய்வதற்குப் பெயர் முன்னேற்றமா? 2023-இல் வந்த ‘மணற்கேணி’ செயலி தமிழிலும் பாடங்களைத் தருகின்றது; பெயரும் நற்றமிழ்ப் பெயர்; அதற்காக அதனைச் செய்தாரைப் பாராட்டுவோம். ஆயினும் அதுவும் வகுப்பின் வரிசையில் நிற்கின்றதேயன்றிப் பிள்ளையின் படியைத் தேடி இறங்குவதில்லை. கேணி என்றால் தோண்டத் தோண்ட ஊற வேண்டும் அன்றோ?

இனி மொழிக்கு வருகின்றோம். தனியார் விற்கும் கணக்குச் செயலிகளில் பல ஆங்கிலத்தில் எண்ணப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு பொறியாலேயே தமிழாக்கப்படுபவை. அவ்வாறான ஒன்று எம் கைக்கு வந்தது. ஒற்றைப்படை எண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘விந்தையான’ என்றும் ஒரு பொருள் உண்டு. பொறி அதனைப் பிடித்துக்கொண்டு, ‘கீழ்க்காண்பவற்றுள் விந்தை எண் எது?’ என்று வினவிற்று. கன அளவு கேட்கவேண்டிய இடத்தில் ‘நீர்த்தொட்டியின் ஒலியளவைக் காண்க’ என்றிருந்தது. அடுக்கைக் குறிக்கும் சொல் ‘ஆற்றல்’ ஆயிற்று. எனவே இரண்டின் மூன்றாம் ஆற்றல்! எம் மாணவன் ஒருவன், “ஐயா, பத்தொன்பதுதான் விந்தை எண், பத்தையும் விட்டுவிடாது, இருபதிலும் போய்ச் சேராது” என்றான். நகைத்தோம். அவன் விடை தற்செயலாய்ச் சரியாகவும் இருந்தது. ஆனால் துணைக்கு ஆளில்லாமல் வீட்டில் தனித்து அமர்ந்து, இது தன் அறியாமை என்று எண்ணிக் கலங்கும் பிள்ளைக்கு அது நகைப்பன்று. அவன் தமிழையும் இழக்கின்றான், கணக்கையும் இழக்கின்றான். எஞ்சுவது, ‘கணக்கு எனக்கு வராது’ என்னும் ஒரு பொய்ந்நம்பிக்கை.

‘அதனால்தான் ஆங்கிலத்திலேயே படிக்கட்டும் என்கின்றோம்’ என்பார் உளர். 2012-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்துவைத்தவர்கள் இக்கருத்தினரே. அவர்கட்கு ஓர் ஆய்வைக் காட்டுவோம். நம்மவர் செய்ததன்று, ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்து ஆன் தௌக்கரும் உடனாய்வாளரும் 2008-இல் வெளியிட்டது. எண்ணுப்பெயர்கள் ஒழுங்காக அமைந்த மொழி பேசும் பிள்ளைக்குக் கணக்கில் துணைவலி உண்டா என்பதே அவர்தம் வினா. வேல்சு மொழிப் பிள்ளைகளையும், இங்கிலாந்தில் வாழும் தமிழும் ஆங்கிலமும் அறிந்த பிள்ளைகளையும், ஆங்கிலம் மட்டுமே அறிந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டனர். வேல்சுப் பிள்ளைகள் ஈரிலக்க எண்களைப் படிப்பதிலும் ஒப்பிடுவதிலும் மேம்பட்டு நின்றனர். தமிழ்ப் பிள்ளைகள் எண்களை ஒப்பிடுவதில் வேறுபடவில்லையாயினும், வைத்த கணக்குத் தேர்வுகளுள் ஒன்றில் ஆங்கிலப் பிள்ளைகளைவிட மேம்பட்டனர். இதனைப் பெரிதுபடுத்தி ஆர்ப்பரிக்க வேண்டா. தமிழ் கணக்குக்குத் தடையென்னும் கூற்று பொய் என்பதற்கு இதுவே மிகை.

பதினொன்று என்னும் சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் அப்படியே இருக்கின்றன. இருபத்தேழு என்பதற்குள் இரண்டு பத்தும் ஏழும் இருக்கின்றன. பதினொன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் பத்து எங்கே ஒளிந்திருக்கின்றது என்பதை ஆங்கிலப் பிள்ளைக்கே யாரேனும் சொல்லவேண்டும். நம் மொழியில் ஒழுங்கு பிறழும் இடமும் உண்டு: தொண்ணூறு, தொள்ளாயிரம். ஒன்பது பத்தைக் குறிக்கும் சொல்லில் நூறு வந்து நிற்பதால் இளம்பிள்ளைகள் தடுமாறுவதை ஒவ்வொரு தொடக்கப்பள்ளி ஆசிரியரும் அறிவர். ஒன்பதுக்குத் தொண்டு என்னும் பழம்பெயர் இருந்ததைச் சொல்லி, அவ்விடத்தில் சற்று நின்று கற்பிப்பவரே நல்லாசிரியர். ஆங்கிலத்தில் எண்ணப்பட்ட மென்பொருள் அவ்விடத்தில் நிற்குமா? அதற்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது. அது பதினொன்றிலும் பன்னிரண்டிலும் நின்று நின்று விளக்கும். நம் பிள்ளைக்கு அது தேவையே இல்லை.

கீழ்வாயிலக்கத்துக்கு வந்தால் நம் செல்வம் இன்னும் பெரிது. ‘அரைக்கால்’ என்னும் சொல்லே ஒரு பெருக்கற் கணக்கு: காலில் அரை, எட்டில் ஒன்று. ‘முக்காலே அரைக்கால்’ என்றால் எட்டில் ஏழு. கூட்டல் சொல்லுக்குள்ளேயே முடிந்துவிட்டது. மா இருபதில் ஒன்று. அதன் காற்பங்கு காணி, எண்பதில் ஒன்று. அதன் காற்பங்கு முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உருப்போட்ட பிள்ளைகள் இவற்றை வாயாலேயே பெருக்கினர். அக்கால முறை முழுவதையும் மீட்கவேண்டும் என்பதன்று எம் கருத்து. அடியும் பிரம்பும் அங்கே நிரம்ப இருந்தன. யார்க்குத் திண்ணையில் இடம் இருந்தது, யார்க்கு இல்லை என்பதும் நாம் அறியாததன்று. எம் வினா வேறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கீழ்வாயிலக்கப் பெருக்கலில் திணறும்போது ‘அரைக்கால்’ என்னும் சொல்லைக் காட்டி விளக்கும் ஒரேயொரு மென்பொருளையாவது யாம் இதுகாறும் கண்டதில்லை. எங்கோ ஒரு நாட்டில் வட்ட அப்பத்தை வெட்டிக் காட்டும் அதே படம்தான் இங்கும் வருகின்றது. அவ்வப்பத்தை அப்பிள்ளை தின்றதும் இல்லை.

தமிழ்நாட்டிலேயே கிடைத்த சான்று ஒன்றும் உண்டு. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் இணைய வழியாகவும் பாடங்கள் சென்றன. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் சிற்றூர்ப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரை ஆய்ந்தபோது, 2019-இல் அதே ஊர்களில் அதே அகவையில் இருந்த பிள்ளைகளைவிட மொழியில் 0.34-உம், கணக்கில் 0.7-உம் தாழ்ந்திருந்தனர். கணக்கில் இழப்பு மொழியைப் போல் இருமடங்கு! வீட்டில் தாயும் தந்தையும் பேசும் பேச்சு மொழியை ஓரளவு காத்தது, கணக்கைக் காப்பாரில்லை. பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என அளந்துள்ளனர். அஃதென்ன பொறி? பொறியே அன்று. அவ்வூர்ப் பெண்கள், மாலைப்பொழுதில், தம் தெருப் பிள்ளைகளை அமர்த்தி, தம் தமிழில் சொல்லிக்கொடுத்தனர். பிள்ளை எங்கே நிற்கின்றது என்பதும் அவர்கட்குத் தெரியும். அதன் வீட்டுப் பேச்சும் தெரியும்.

இப்பொழுது செயற்கை அறிவுப் பொறி வந்துவிட்டது. கேட்டவுடன் விடை சொல்லும். துருக்கி நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் அதனைக் கணக்குப் பயிற்சிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025-இல் முறையாக வெளிவந்தது. பொறி கையில் இருந்தபோது பயிற்சியில் 48 விழுக்காடு கூடுதலாகப் பெற்றனர். பொறியை வாங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, பொறியே தொடாத பிள்ளைகளைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். ஊன்றுகோலைக் கொடுத்துக் காலை வாங்கிக்கொண்ட கதை. அதே ஆய்வில் மற்றொரு வகைப் பொறியும் இருந்தது. விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் படிப்படியாகத் தருவது. அப்பொறியால் அத்தீங்கு பெரும்பாலும் நேரவில்லை.

திரையால் மனம் சிதறும் என்பது பலரும் பேசுவது. அதில் நெடிது நிற்க வேண்டா. 2022-ஆம் ஆண்டுப் ‘பிசா’ தேர்வில், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்வரை கற்றலுக்காகக் கருவியைப் பயன்படுத்தியோர் அறவே பயன்படுத்தாதாரினும் கணக்கில் 14 புள்ளி மிகுதியாகப் பெற்றனர். அருகில் இருப்பவனின் கருவியால் கவனம் கலைந்தோர் 15 புள்ளி குறைவாகப் பெற்றனர். திரைகளை முந்திக்கொண்டு வாங்கிய சுவீடன் 2023-இல் அச்சு நூல்களுக்குப் பணம் ஒதுக்கித் திரும்பி நடந்தது. நாம் இப்பொழுதுதான் அவ்வழியில் முன்னோக்கி ஓடுகின்றோம்.

ஓடுவதைத் தடுத்து நிறுத்த நம்மால் ஒல்லாது. எதை வாங்குகின்றார்கள் என்று கேட்க ஒல்லும். கல்வியுரிமைச் சட்டம் 2009-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. அக்குழுவில் நம் உணர்வாளர்கள் பலர் உள்ளனர். கூட்டத்துக்குச் செல்பவர் சிலரே. செல்லுங்கள். மென்பொருள் வணிகர் வந்து ஒளிப்படம் காட்டி முடித்தபின், அம்மென்பொருளைத் தமிழில் எழுதினார்களா, தமிழில் பெயர்த்தார்களா என்று கேளுங்கள். எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் தவறிற்று என்னும் குறிப்பு மறுநாட் காலையில் ஆசிரியர் கைக்கு வருமா என்று கேளுங்கள். ஆசிரியரின் கணக்குப் பாடவேளையில் எத்தனை மணித்துளியை அது விழுங்கும் என்றும் கேளுங்கள். அதன்பின் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அழைத்து, 52-இல் 27-ஐக் கழிக்கும் கணக்குக்கு 35 என்று வேண்டுமென்றே விடையிடச் சொல்லுங்கள். கடன் வாங்கத் தெரியாத பிள்ளை எழுதும் விடை அதுவே. ‘தவறு’ என்று ஒரு செந்நிறக் குறியைக் காட்டிவிட்டு அது அடுத்த பாடத்துக்குத் தாவுமாயின், கையொப்பமிட வேண்டா. இரண்டுக்குள் ஏழு போகாதே, பத்தை உடைத்தாயா என்று நல்ல தமிழில் அது அப்பிள்ளையைக் கேட்குமாயின், அவ்வணிகரை அமரச் சொல்லி விலையைப் பேசலாம்.